செத்த நண்பனின் மகள்களை கரை சேர்த்த கபிலர்! திருக்கோவிலூர் ஆற்றுக்குள் இன்றும் நிற்கும் சாட்சி

திருக்கோவிலூர்,

தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே ஒரு பாறை. பாறையின் தலையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சின்னஞ்சிறு கோவில். வெயில் காலத்தில் மணலில் நடந்தே பாறைக்குப் போய்விடலாம். வெள்ளம் வந்தால் சுற்றிலும் தண்ணீர்தான். பாறை மட்டும் தலை தூக்கி நிற்கும்.

இதற்குப் பெயர் கபிலர் குன்று.

திருக்கோவிலூருக்கு சாமி கும்பிட வருகிறவர்கள் ஏராளம். உலகளந்த பெருமாள் கோவிலுக்கு ஒரு கூட்டம். கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோவிலுக்கு ஒரு கூட்டம். இந்தப் பாறையை "ஏதோ பழைய கோவில்" என்று எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

ஆனால் இந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. தகப்பனை இழந்த 2 இளம்பெண்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரன் இல்லாத ஒரு மனிதர், "இவர்கள் என் மகள்கள்" என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கதை இருக்கிறது. நடந்தது சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு!

அதன் விவரம் வருமாறு:-

நண்பர்கள் இருவர்

பறம்பு மலையை ஆண்டவர் பாரி. வேளிர் குலத்துத் தலைவர். சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரி பக்கம் உள்ள பிரான்மலைதான் அந்தக் காலத்துப் பறம்பு மலை என்று கூறப்படுகிறது.

பற்றிப் படரக் கொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்கொடிக்கு தான் ஏறி வந்த தேரையே கொடுத்துவிட்டு நடந்து போனவர் இவர்தான். கடையேழு வள்ளல்களில் ஒருவர்.

கபிலர் புலவர். அந்தணர். மதுரைப் பக்கம் திருவாதவூரில் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை மூச்சு விடாமல் அடுக்கியவர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்டுவதற்காகவே அந்தப் பாட்டைப் பாடினார் என்று பழைய குறிப்பு சொல்கிறது.

ஒருவர் மலை ஆண்ட தலைவர். இன்னொருவர் பாட்டுப் பாடிப் பிழைத்தவர். குலம் வேறு, தொழில் வேறு. ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆள் போல பழகினார்கள். பாரியின் 300 ஊரையும் கேட்டு வந்தவர்கள் ஏற்கனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனி மிச்சம் இருப்பது "நானும் பாரியும்தான்" என்று கபிலரே ஒரு பாட்டில் சொல்கிறார். பாரியின் சொத்துக் கணக்கில் தன்னையும் சேர்த்துச் சொல்கிற அளவுக்கு நெருக்கம்!

ஊரார் வீட்டு சண்டையையும் தீர்த்து வைத்தவர்

கபிலர் சும்மா புகழ்ந்து பாடிப் பரிசு வாங்குகிற ரகம் அல்ல. மற்றவர் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் நடுவில் புகுந்து நியாயம் சொல்கிறவர்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் என்ற வள்ளல், மனைவி கண்ணகியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒரு பெண்ணின் வீடே கதி என்று கிடந்தார். (இவர் மதுரையை எரித்த கண்ணகி அல்ல. வேறு கண்ணகி.) பேகனிடம் போன கபிலர், பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. "உன் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாளே, அவள் யார்?" என்ற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பரணர் முதலான மற்றப் புலவர்களும் இதே விஷயமாகப் பேகனிடம் பேசியிருக்கிறார்கள்.

அடுத்தவன் குடும்பத்துக்காகப் பேசிய இந்த மனிதரின் தலையில்தான் பிறகு ஒரு குடும்பமே வந்து விழுந்தது.

3 ராஜாக்கள் முற்றுகை

பாரிக்கு மகள்கள் உண்டு. அங்கவை, சங்கவை என்று 2 பேரையும் தமிழ்நாடு முழுவதும் சொல்கிறோம். ஆனால் சங்கப் பாட்டுகளில் இந்தப் பெயர்கள் இல்லை. அங்கே "பாரி மகளிர்" என்றுதான் இருக்கிறது. பெயர்கள் பிற்காலக் கதைகளில் வந்தவை.

இந்தப் பெண்களைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி சேர, சோழ, பாண்டியர் 3 பேரும் கேட்டதாகவும், பாரி "முடியாது" என்று சொன்னதாகவும் தெரிகிறது. புறநானூற்றில் இந்தச் சண்டை பற்றிய பாட்டுகளுக்குப் பழைய ஆசிரியர்கள் கொடுத்திருக்கும் துறை, "மகண்மறுத்தல்". அதாவது, பெண் தர மறுப்பது.

3 ராஜாக்களும் சேர்ந்து பறம்பு மலையை வளைத்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்த்தார்கள்.

கபிலர் உள்ளேதான் இருந்தார். ஓடவில்லை. பழக்கிய பறவைகளை வெளியே அனுப்பி, நெற்கதிர்களைக் கொத்திக்கொண்டு வரச்செய்து, உள்ளே இருந்தவர்களின் பசியைத் தீர்த்தார்களாம். கபிலரின் இந்த யோசனையை நக்கீரர் அகநானூற்றில் பாடியிருக்கிறார்.

"இந்த மலையில் உழாமலே 4 பொருள் விளையும். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நீங்கள் எத்தனை நாள் சுற்றி நின்றாலும் பிடிக்க முடியாது. கையில் யாழை எடுத்துக்கொண்டு பாடகர்களாக வாருங்கள். நாட்டையும் கொடுப்பான், மலையையும் கொடுப்பான்!" என்கிற கருத்தில் 3 ராஜாக்களையும் கபிலர் கேலி செய்தார்.

கேலிதான் செய்தார். ஆனால் கடைசியில் நேரடிச் சண்டையில் ஜெயிக்க முடியாமல், சூழ்ச்சி செய்துதான் பாரியைக் கொன்றார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி.

"நீ இரு!"

பாரி சாகும்போது கபிலர் கூடவே போக நினைத்தார். பாரி விடவில்லை. "நீ வராதே, இரு" என்று சொல்லிவிட்டார்.

எதற்காக? பெண்களுக்காகத்தான் என்கிறார்கள் அறிஞர்கள்.

இந்த ஒரு வார்த்தை கபிலரை எப்படிச் சுட்டது என்பதை அவரது கடைசிப் பாட்டில் பார்க்கலாம். இன்றைய பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "இத்தனை வருஷம் சோறு போட்டுக் காப்பாத்தினியே பாரி, அப்பவெல்லாம் மனசுல என் மேல கோபம் வெச்சுக்கிட்டுத்தான் இருந்தியா? இல்லைன்னா என்னை மட்டும் விட்டுட்டுப் போவியா?"

செத்துப்போன நண்பனோடு சண்டை போடுகிற பாட்டு அது.

குப்பைமேட்டில் ஏறிய இளவரசிகள்

மலை போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். போன மாதம் இதே நிலா வெளிச்சத்தில் எல்லாம் இருந்தது, இந்த மாத நிலாவில் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்களே பாடியிருக்கிறார்கள். பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இருப்பது இந்த ஒரே பாட்டுதான். 112-வது பாட்டு.

பறம்பு மலையை விட்டு இறங்கும்போது கபிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "போய் வருகிறோம். இந்தப் பெண்களுக்கு ஏற்ற மாப்பிள்ளைகளைத் தேடிப் போகிறோம்" என்று மலையிடமே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

வழியில் எங்கோ ஒரு சின்ன வீட்டில் தங்கினார்கள். வேலியில் சுரையும் பீர்க்கும் படர்ந்த ஏழை வீடு. பக்கத்தில் ஒரு குப்பைமேடு. பெண்கள் அந்தக் குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவோடு போகும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் விளைந்த உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போகும் உமணர்களின் வண்டிகள் அவை.

பறம்பு மலை உச்சியில் இருந்து பகை ராஜாக்களின் குதிரைகளை எண்ணியவர்கள், இப்போது உப்பு வண்டி எண்ணுகிறார்கள். இதைப் பார்த்த கபிலருக்கு நெஞ்சு வெடித்தது. அதையும் ஒரு பாட்டாக வைத்திருக்கிறார். படிக்கிறவர்கள் வீட்டில் வயசுப் பெண்கள் இருந்தால், அந்தப் பாட்டைத் தாண்டிப் போவது கஷ்டம்.

2 வாசலில் "இல்லை"

கபிலர் முதலில் விச்சிக்கோன் என்ற தலைவனிடம் போனார். "இவர்கள் பாரியின் மகள்கள். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவனின் பெண்கள். நான் கொடுக்கிறேன், நீ கட்டிக்கொள்" என்றார். காரியம் ஆகவில்லை.

அடுத்து இருங்கோவேள் என்ற தலைவனிடம் போனார். அங்கேதான் தன்னை யார் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். தான் இந்தப் பெண்களின் தகப்பனுக்குத் தோழன் என்றார். ஆகவே இவர்கள் தன் மகள்கள் என்றார். பெற்றவன் இல்லை, வளர்த்தவனும் இல்லை. நண்பன் என்ற ஒரே பாத்தியதையில் தகப்பன் ஆனவர்!

இருங்கோவேளின் வம்சப் பெருமையை எல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவனும் மறுத்துவிட்டான்.

3 பெரிய ராஜாக்களைப் பகைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? பயம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கபிலருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உன் முன்னோர் ஊரான அரையம் எப்படி அழிந்தது தெரியுமா? உன்னைப்போல ஒருத்தன் கழாத்தலையார் என்ற புலவரை அவமதித்தான். அதன் பலன்தான் அது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். "தெரியாமல் கேட்டுவிட்டேன், போய் வருகிறேன்" என்கிற பாணியில் சொல்லிவிட்டு பெண்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

கல்யாணத் தரகு பேசி, ஒரு வீட்டு வாசலில் "இல்லை" என்ற பதில் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்குத் தெரியும், அந்த நடை எவ்வளவு கனமாக இருக்கும் என்று. பக்கத்தில் அந்தப் பெண்களும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

திருக்கோவிலூரில் கரை சேர்ந்தார்கள்

பிரான்மலையில் இருந்து திருக்கோவிலூருக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 200 கிலோ மீட்டர் வருகிறது. அந்தக் காலத்துப் பாதையில் எத்தனை நாள் பயணமோ!

அப்போது திருக்கோவிலூருக்குப் பெயர் கோவலூர். பெண்ணை ஆற்றங்கரை ஊர். ஆண்டவர்கள் மலையமான்கள். அவர்களில் திருமுடிக்காரி, பாரியைப் போலவே கடையேழு வள்ளல்களில் ஒருவர். கபிலருக்கு ஏற்கனவே பழக்கம். "புலவர்களின் தரம் பார்த்துக் கொடு, எல்லாரையும் ஒரே மாதிரி எடை போடாதே" என்று காரிக்கே புத்தி சொன்னவர் கபிலர். கபிலர் பாடிவிட்ட பிறகு மலையமானைப் பாட மற்றவர்களுக்கு இடமே இல்லை என்று மாறோக்கத்து நப்பசலையார் என்ற பெண் புலவர் சொல்லியிருக்கிறார்.

இந்த ஊரில்தான் பாரியின் பெண் வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லப்படுகிறது.

சாட்சிகள் சொல்வது என்ன?

ஆனால் இந்த இடத்தில் சாட்சிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. போலீஸ் கேஸ் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சாட்சி, புறநானூறு. உ.வே.சாமிநாதய்யர் ஓலைச்சுவடிகளில் இருந்து தேடி எடுத்து 1894-ம் ஆண்டு அச்சில் கொண்டுவந்த புத்தகம். அதில் பாட்டுக்கு அடியில் உள்ள பழைய குறிப்பு, பாரி மகளிரைக் கபிலர் பார்ப்பாரிடம் ஒப்படைத்தார் என்றும், பிறகு வடக்கிருந்தார் என்றும் சொல்கிறது. வடக்கிருப்பது என்றால் வடக்கு நோக்கி உட்கார்ந்து, சாப்பிடாமல் உயிரை விடுவது.

இரண்டாவது சாட்சி, கல்வெட்டு. கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோவிலில் முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டியது. ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. செய்யுள் நடையில் உள்ள அந்தக் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கபிலர் கொடுத்ததாகவும், பெண்ணை ஆற்றுக்கு நடுவே தீப்புகுந்து உயிர் விட்டதாகவும், அந்த இடம் "கபிலக்கல்" என்றும் கூறுகிறது. பெண் என்று ஒருமையில்தான் இருக்கிறது.

சோழ ராஜா காலத்துக் கல்வெட்டில் ஒரு சங்கப் புலவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி, மலையமான் குலத்துப் பெண். தாய்வீட்டுப் பெருமை பேசும்போது கபிலரும் வந்துவிட்டார்.

மூன்றாவது சாட்சி, பிற்காலக் கதை. அதில் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பது ஔவையார். மாப்பிள்ளை பெயர் தெய்வீகன். கல்யாணத்துக்கு 3 ராஜாக்களும் வந்ததாகவும், வெட்டிப்போட்ட பனந்துண்டு ஔவையின் பாட்டால் துளிர்த்துப் பழம் கொடுத்ததாகவும் கதை போகிறது.

பட்டினி கிடந்தாரா, தீயில் இறங்கினாரா? மாப்பிள்ளை யார்? பெண் ஒருத்தியா, இருவரா? சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் புறநானூறும் கல்வெட்டும் ஒத்துப்போகின்றன. நண்பனின் பெண்களை ஓர் இடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிட்டுத்தான் கபிலர் கண்ணை மூடினார். அதுவரைக்கும் தன் துக்கத்தைத் தள்ளிப் போட்டார்.

அடுத்த பிறவியிலும் பாரியோடு சேர்ந்திருக்க விதி வழி செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

உயிரை விட்ட முடிவை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. அது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் அதற்கு முன்னால் அவர் செய்து முடித்த காரியத்தை எந்தக் காலத்திலும் மறக்க முடியாது.

நட்புக்குப் பேர்போன வட்டாரம்

திருக்கோவிலூர் மண்ணுக்கு ஏதோ ராசி போலிருக்கிறது. இங்கே சேர்ந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு.

பொய்கையாழ்வார் பிறந்தது காஞ்சிபுரம். பூதத்தாழ்வார் பிறந்தது கடல்மல்லை என்னும் மாமல்லபுரம். பேயாழ்வார் பிறந்தது மயிலாப்பூர். 2 பேர் கடலோரத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒரு மழை ராத்திரியில் திருக்கோவிலூரில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார்கள். முதலில் வந்தவர் படுத்துக்கொண்டார். இரண்டாமவர் வந்ததும் 2 பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாமவர் வந்ததும் 3 பேரும் நின்றுகொண்டார்கள். "இடம் இல்லை, போ" என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. நாலாவதாக நெருக்கியது பெருமாளே என்பது வைணவர்களின் நம்பிக்கை. ஆளுக்கு 100 பாட்டாக அன்று பிறந்தவைதான் 3 திருவந்தாதிகள்.

அதேபோல ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி. அவர் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு திருக்கோவிலூர் வட்டாரத்தில் உள்ள ஜம்பை கிராமத்தில் 1981-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. "இதெல்லாம் கட்டுக்கதை" என்று சொன்னவர்களின் வாயை அடைத்தது அந்தக் கல்வெட்டு. சங்கப் பாட்டில் வரும் மனிதர்கள் நிஜமாகவே இந்த மண்ணில் நடமாடியவர்கள் என்பதற்கு அது பெரிய ஆதாரம்.

இத்தனைக்கும், இந்த அதியமான்தான் ஒரு காலத்தில் கோவலூரை அடித்து நொறுக்கியவர். அந்தக் காலத்து அரசியல் அப்படி! ராஜாக்கள் இன்று கூட்டணி, நாளை சண்டை. புலவர்கள்தான் நட்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றானால் கோர்ட்டுக்குப் போக வேண்டும்

கபிலர் செய்ததை இன்று ஒருவர் செய்ய நினைத்தால் என்ன ஆகும்?

மைனர் பிள்ளைகளின் தாய், தகப்பன் இருவரும் இல்லை என்றால், நண்பன் என்ற உரிமையில் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1890-ம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அந்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. பிள்ளையின் நலன் எதில் இருக்கிறது என்பதைத்தான் கோர்ட்டு முதலில் பார்க்கும். இந்துவாக இருந்தால், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதி இன்னாரைக் கார்டியனாக நியமிக்கிறேன் என்று சொல்லவும் 1956-ம் ஆண்டு சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆதரவற்ற குழந்தைகள் யார் கண்ணில் பட்டாலும் 1098 என்ற இலவச போன் நம்பருக்குத் தகவல் சொல்லலாம்.

பாரி உயில் எழுதவில்லை. "இரு" என்று ஒரு வார்த்தை சொன்னார். கபிலருக்கு அதுவே போதுமான உத்தரவாக இருந்தது.

சினிமாவில் கேலி

2007-ம் ஆண்டு ரஜினிகாந்த் நடித்த "சிவாஜி" படம் வந்தது. அதில் 2 பெண்களைக் கறுப்புச் சாயம் பூசி, கோமாளித்தனமாகக் காட்டி, அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்திருந்தார்கள். தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். தமிழ் ஆர்வலர்கள் கொதித்தார்கள்.

அப்பனையும் நாட்டையும் இழந்து, 2 வீட்டு வாசலில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெண்களுக்கு 2 ஆயிரம் ஆண்டு கழித்தும் கேலிதானா என்று அன்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது.

வெள்ளத்திலும் அசையாத பாறை

தென்பெண்ணை, கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, திருக்கோவிலூர் வழியாகப் போய், கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. கபிலரின் பாறையைத் தழுவிய தண்ணீர்தான் கடலுக்குப் போகிறது.

வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் இந்த ஆறு, பொங்கினால் தாங்காது. பெஞ்சல் புயலின்போது 2024-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்கள் தத்தளித்தன. எதிர்க்கரை அரகண்டநல்லூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பாலமே அடித்துக்கொண்டு போனது.

கபிலர் குன்று நின்றது.

பாறைக்கு ஆபத்து இல்லை. ஆனால் மேலே இருக்கும் கோவில் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். தமிழக அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இது. வெள்ளத்தால் வரும் சேதத்தைவிட, சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களாலும் பாட்டில் வீசுகிறவர்களாலும் வரும் சேதம்தான் இதுபோன்ற இடங்களுக்கு எப்போதும் அதிகம். காதலர் பெயரை இதயம் போட்டு எழுத, நண்பனுக்காக உயிர் விட்டவரின் சுவர்தானா கிடைத்தது?

நினைப்பவர்களும் உண்டு

எல்லாரும் மறந்துவிடவில்லை. திருக்கோவிலூரில் கபிலர் பெயரில் இலக்கிய விழா நடத்தி வருகிறார்கள். தமிழக அரசு, கபிலர் பெயரில் தமிழறிஞர்களுக்கு விருது வழங்கி வருகிறது.

2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரம் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது திருக்கோவிலூர் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆறுதான் எல்லை. எல்லையில் நிற்கிற கல்லாக ஆகிவிட்டார் கபிலர்!

எப்படிப் போவது?

விழுப்புரத்தில் இருந்தும் திருவண்ணாமலையில் இருந்தும் திருக்கோவிலூருக்கு பஸ் வசதி உண்டு. விழுப்புரம்-காட்பாடி ரெயில் பாதையில் வருகிறவர்கள் திருக்கோவிலூர் ஸ்டேஷனில் இறங்கலாம். ஸ்டேஷன் இருப்பது அரகண்டநல்லூர் பக்கம். அங்கிருந்து பாலத்தைக் கடந்து ஊருக்குள் வர வேண்டும்.

கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோவிலுக்கு வழி கேட்டுப் போனால், ஆற்றங்கரையும் பாறையும் பக்கத்திலேயே. முதலில் கோவிலில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, பிறகு பாறைக்குப் போவது நல்லது. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அணை திறக்கும் அறிவிப்பு இருந்தால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பறம்பு மலையில் தொடங்கி, உப்பு வண்டி எண்ணிய குப்பைமேடு வரைக்கும் கதையைச் சொல்லி அழைத்துப் போனால், "இந்தக் கல்லு எதுக்குப்பா ஆத்துக்குள்ள இருக்கு?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.